படுத்துக்கொண்டு சொன்ன லத்தீன்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் ஒருவருடைய பார்வையின் இரண்டு ஓரங்களையும் அழித்தவன் நான். கண்ணைக் குத்தவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவரிடம், இனி வேண்டாம், நிறுத்திக்கொள்ளும் என்று சொன்னேன். அவர் நிறுத்தினார். அப்படிச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஒரு லத்தீன் முன்னொட்டு தெரிந்திருந்தது, அவ்வளவுதான். சொன்ன சமயத்தில் இடுப்பில் ஒரு முழத் துணியோடு பலகையில் குப்புறப் படுத்திருந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பாதி மறைத்து எழுதுவதற்கு இந்த வயதில் அவசியம் இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். ஓய்வு பெற்றபின் மேலகரத்தில் வீடு. பாடம் நடத்துவதில் எனக்கென்று ஒரு வித்தை உண்டு. முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் ‘இன்ட்ரா’ என்று பெரிதாக எழுதுவேன். “இன்ட்ரா என்றால் உள்ளே. லத்தீன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நூறு வார்த்தை இலவசம்” என்பேன். இன்ட்ராவீனஸ் என்றால் ரத்தக்குழாய்க்குள். இன்ட்ராமஸ்குலர் என்றால் தசைக்குள். இன்ட்ராடெர்மல், தோலுக்குள். இன்ட்ராசெல்லுலர், உயிரணுவுக்குள். இன்ட்ராகிரேனியல், மண்டையோட்டுக்குள். இன்ட்ராயூட்டரைன் என்று சொல்லும்போது மட்டும் கடைசி பெஞ்சில் ஒரு செருமல் கேட்கும். முதுகுக்குப் பின்னால் என்னை ‘உள்ளே சார்’ என்று அழைத்தார்கள் என்பது, கல்லூரியில் பாதிப்பேர் அதையே என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தது.

லத்தீன் செத்துப்போன மொழி. அதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. செத்தவர்களைப் போல அதுவும் எழுந்து வந்து “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று மறுக்காது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் டாக்டர் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னால், எடுத்த ஸ்கேன் நேராக டாக்டரிடம் போகாது. நடுவில் யாராவது ஒரு படித்தவர் வீட்டில் இறங்கி ஏறித்தான் போகும். மேலகரத்தில் அந்த நிறுத்தம் என் வீடு. ஜவுளிக்கடைப் பையில் ரிப்போர்ட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதலில் முன்னொட்டைத் தேடுவேன். “இன்ட்ரா-அப்டாமினல்னு போட்டிருக்கு. வயித்துக்குள்ள” என்பேன். வயிற்றுவலி என்று வந்தவருக்கு அது தெரியாதா என்ன. ஆனாலும், “ஆங், வயித்துக்குள்ளதான் சார்வாள், சரியாச் சொல்லிட்டீங்க” என்று நெஞ்சு நிறைந்து போவார்கள். “நான் டாக்டர் இல்லை” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். சொல்லும் தோரணை மட்டும் டாக்டருடையதாக இருக்கும்.

சனிக்கிழமை தோறும் குற்றாலத்துக்கு எண்ணெய்க் குளியலுக்குப் போவேன். மெயின் அருவிக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜின் பின்புறம் தகரக் கொட்டகை. உள்ளே மூன்று பலகைகள். முதல் பலகை, நான் முதலில் சொன்ன அந்த எண்ணெய் தேய்ப்பவருடையது. என்னைவிட இருபது வயது இளையவர், ஐம்பதைத் தாண்டியவர், அகலமான உள்ளங்கை. ஒருமுறை கழுத்தில் கை வைத்தால் அந்த வாரத்துச் செய்தித்தாள் முழுவதும் தலையிலிருந்து இறங்கிவிடும். சாரல் காலத்தில் காலை ஐந்து மணிக்கு முதல் ஆளைப் படுக்கப்போட்டால் இருட்டும்வரை அவர் கையில் எண்ணெய் காயாது.

அவர் தேய்ப்பார், நான் பேசுவேன். அவர் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் கேட்பதில் என் மாணவர்கள் ஒருவரும் அவர் பக்கத்தில் வரமுடியாது.

“சார்வாள், படுத்துக்கிட்டே பாடம் எடுக்குத வாத்தியாரு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்” என்பார்.

“நின்னுக்கிட்டு எடுத்தப்ப எவன் கேட்டான்?” என்பேன்.

அடுத்த பலகைக்காரர் தென்காசிக்காரர், வாய்த்துடுக்கானவர். “கேளுங்க அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. நாளைக்கே டாக்டராயிருவீங்க. நான் ஊசி போட்டுக்க உங்ககிட்டத்தான் வருவேன்” என்பார். என் ஆள் அசரமாட்டார். “ஊசின்னா எது வே? தசைக்குள்ள போடுததா, நரம்புக்குள்ள போடுததா? இன்ட்ரா எதுன்னு சொல்லிட்டு வாரும்” என்பார். எனக்குப் பெருமையில் முதுகு சிலிர்க்கும். தேய்க்கிறவர் கைக்கு அது தெரிந்திருக்கும்.

மேலகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண் முகாம் நடந்தது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கலாம் என்று போன என் ஆளைத் தனியே உட்காரவைத்து, திருநெல்வேலிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடியிருக்கிறது, கிளாக்கோமா, காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விடவேண்டும் என்று மருந்து கொடுத்தார்கள். சீட்டில் இன்ட்ராஆக்குலர் பிரஷர் இருபத்தெட்டு என்று இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி போனார். பதினைந்து என்று எழுதினார்கள்.

அந்தச் சீட்டோடுதான் அந்தச் சனிக்கிழமை நான் படுத்திருந்தபோது வந்தார். சீட்டைப் பலகையின் தலைமாட்டில், என் மூக்குக்கு நேராக விரித்து வைத்தார். அவர் விரல் பட்ட இடமெல்லாம் காகிதம் கண்ணாடி போல ஆனது.

“இதைப் பாருங்க சார்வாள். மருந்து விட்டா எரியுது. எரிச்சலைப் பொறுத்துக்கிடலாம். சீசன்ல நாள் பூரா கையில எண்ணெய். அந்தச் சின்னக் குப்பியைப் பிடிச்சா வழுக்கிக்கிட்டு ஓடுது. சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்தா அதுக்குள்ள அடுத்த ஆளு படுத்திருக்கான். நேத்து ஒரு குப்பி சாக்கடையிலயே விழுந்துட்டு. இன்னும் எத்தனை நாளைக்கு விடணும்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். பிடித்த முன்னொட்டு கண்ணில் பட்டதும் எனக்கு வயது குறைந்தது.

“இன்ட்ராஆக்குலர். இன்ட்ரான்னா?”

“உள்ளே.”

“ஆக்குலர்னா கண்ணு. கண்ணுக்குள்ள இருக்குத அழுத்தம். பத்துலேருந்து இருபத்தொண்ணு வரைக்கும் இருந்தா சரியான அளவு. முன்னால உமக்கு இருபத்தெட்டு. இப்போ பதினைஞ்சு. நடுவுல வந்து நிக்குது. ஆளு தேறிட்டீரு.”

“அப்போ மருந்து?”

“தேறினபிறகு எதுக்கு மருந்து?”

“கீழ என்னமோ கையால எழுதியிருக்காங்களே.”

எழுதியிருந்தது. இன்றைக்கு அந்த எழுத்து கண்ணை மூடினால் தெரிகிறது. மருந்தை அப்படியே தொடரவும், மூன்று மாதத்தில் மறுபடி காட்டவும் என்று ஆங்கிலத்தில், வழக்கமான டாக்டர் கிறுக்கலாக இல்லாமல், பள்ளிப் பிள்ளை எழுதுவதுபோல் தெளிவாக எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொன்னால் குற்றம் பாதியாகக் குறையும், ஆனால் படித்தேன். அந்த வரியில் லத்தீன் எதுவும் இல்லை. விளக்குவதற்கு எனக்கு அதில் வேலையில்லை. அதனால் அதை ஒரு வரியாகவே நான் மதிக்கவில்லை.

“அது எல்லாச் சீட்டுலயும் எழுதுததுதான்” என்றேன். “தோளைக் கொஞ்சம் அழுத்தும்.”

மருந்து விட்டதால்தான் அழுத்தம் இறங்கியது, விடுவதை நிறுத்தினால் மறுபடி ஏறும் என்பதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. குடை பிடித்திருப்பதால் நனையாமல் இருக்கிறவனிடம், நீ நனையவில்லையே, குடையை மடக்கு என்று சொன்னதுபோல் சொல்லிவிட்டேன். அதுவும் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த குற்றாலத்தில். அவர் சந்தோஷமாகத் தோளை அழுத்தினார். அன்றைக்குப் போல் அதற்கு முன்போ பின்போ யாரும் எனக்குத் தேய்த்ததில்லை.

அந்த நோய் வலிக்காது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும். நேரே இருப்பது கடைசிவரை நன்றாகத் தெரியும் என்பதால் ஆளுக்குச் சந்தேகம் வராது. இரண்டு சீசன் போனது. முதலில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. பலகையின் இடது ஓரத்தில் எப்போதும் இருக்கும் கிண்ணம், முழங்கை பட்டு மூன்று முறை உருண்டது. அப்புறம் ஒரு குரங்கு சாவகாசமாக அவர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, அவர் வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் போனது. கொட்டகையே சிரித்தது. தென்காசிக்காரர், “அண்ணாச்சி அந்தக் குரங்குக்கிட்டக் கைமாத்து வாங்கியிருப்பாரு. அதான் பாத்தும் பாக்காத மாதிரி இருக்காரு” என்றார். நானும் சிரித்தேன். குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தால் வயிறு பலகையில் இடிக்கும். இடிக்க இடிக்கச் சிரித்தேன்.

பிறகு என் ஆள் தன் மொபெட்டை, நின்றுகொண்டிருந்த ஒரு வேனின் பக்கவாட்டில் கொண்டுபோய் உரசினார். வலது முட்டியில் தோல் பெயர்ந்தது. அடுத்த சனிக்கிழமை கட்டோடு நின்று எனக்குத் தேய்த்தார்.

“வேன் நிக்குதது தெரியலையா வே?”

“எங்க சார்வாள் தெரிஞ்சது? திடீர்னுல்லா வந்துட்டு.”

“நிக்குத வேன் எப்படித் திடீர்னு வரும்?”

சொல்லிவிட்டு நானே எழுந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் எண்ணெய், பலகையில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆட்டுக் கண்ணை அறுத்து மாணவர்களுக்குக் காட்டியவன். அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று விழித்தது. என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களை ஆட்டினேன்.

“என் விரல் தெரியுதா?”

“விரலா? நீங்க கையைத் தூக்கியிருக்கீங்களா?”

கைகளை மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட என் காதுக்குப் பக்கத்தில் வந்தபிறகு, “இப்பத் தெரியுது” என்றார். அவருக்கு அது ஒரு விளையாட்டு. சிரித்துக்கொண்டே சொன்னார்.

“மருந்து விடுதீரா?”

“அதான் அன்னைக்கே நீங்க நிறுத்தச் சொன்னீங்கல்லா சார்வாள். தேறிட்டேன்னு.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. பாடம் ஒப்பிக்கிற குரல்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனோம். அவரை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற பொறிக்குள் தலையை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்தவேண்டும். நான் வெளியே உட்கார்ந்து காது கொடுத்தேன். பொத்தான் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. முடிந்ததும் கொடுத்த தாளில் கண்ணின் படம் இரண்டு வட்டங்களாக இருந்தது. நடுவில் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் கருப்பு. கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்தால் அப்படி இருக்கும்.

டாக்டர் ஒரு பெண். என் மாணவியாக இருந்திருக்கலாம் என்கிற வயது. நல்லவேளை, இல்லை. அழுத்தம் மறுபடி முப்பதுக்கு மேலே போயிருக்கிறது என்றார். போன பார்வை போனதுதான், வராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், அதுவும் ஒரு நாள் விடாமல் மருந்து விட்டால் என்றார். பிறகு பழைய சீட்டைப் புரட்டினார்.

“தொடரணும்னு எழுதியிருக்கேனே. யாரு உங்களை நிறுத்தச் சொன்னது?”

நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். சுவரில் கண்ணின் குறுக்குவெட்டுப் படம் மாட்டியிருந்தது. அதையே பார்த்தேன்.

“யாரும் சொல்லலை மேடம். கையில எண்ணெய், குப்பி வழுக்குது. நானாத்தான் விட்டுட்டேன்” என்றார் அவர்.

டாக்டர் அவரை ஏசினார். நன்றாக ஏசினார். கண் என்ன கத்தரிக்காயா, போனால் சந்தையில் வேறு வாங்க என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். டாக்டர் கடைசியாக என் பக்கம் திரும்பி, “சார், உங்களைப் பார்த்தாப் படிச்சவர் மாதிரி இருக்கு. கூட இருக்கிற நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“இனிமே பாத்துக்கிடுதேன் மேடம்” என்றேன்.

பலகையில் படுத்துக்கொண்டு சொன்னது முதல் தப்பு. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்ன இந்த ஒரு வரி இரண்டாவது. முதலாவதை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவதற்கு நான் வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாவூர்ச்சத்திரம் தாண்டியதும், “ஏன் வே என்னைச் சொல்லலை?” என்று கேட்டேன்.

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தம்மா ஏசுத ஏச்சை நீங்க தாங்கமாட்டீங்க சார்வாள். நமக்கு அது பழக்கம்.”

பரிகாரம் என்று நான் முதலில் செய்தது அவர் மனைவியைப் போய்ப் பார்த்தது. அந்தம்மா ஒரு லாட்ஜில் போர்வை, தலையணை உறை துவைக்கிற வேலையில் இருந்தார். அன்றைக்கு விடுமுறை. வீட்டு வாசலில் அந்த மொபெட் நின்றது. அதன்மேல் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. நான் நின்றபடியே, மருந்தை நிறுத்தச் சொன்னது நான்தான், டாக்டரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டேன் என்றேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு, இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோனது.

“தெரியும் சார்” என்றார் அந்தம்மா. “நீங்க சொன்ன அன்னைக்கே வந்து சொன்னாரு. இன்ட்ரா எல்லாம் சரியாப் போச்சு, சார்வாளே பாத்துச் சொல்லிட்டாருன்னு. நான் பாயசம் வச்சேன்.”

நான் மொபெட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“அழவேண்டாம் சார், உக்காருங்க” என்றார். நான் அழவில்லை. அழப்போகிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும், ஒருவேளை சரியாகவும் நினைத்திருக்கலாம். “அழுது என்ன செய்ய. அவரு கையில நாள் பூரா எண்ணெய். நான் காலையில ஆறு மணிக்கு லாட்ஜுக்குப் போனா ராத்திரிதான் வாரேன். மருந்து விட எண்ணெய் இல்லாத கை ஒண்ணு வேணும். உங்க கை சும்மாதான இருக்கு?”

என் கை சும்மாதான் இருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சரியாக என்னை யாரும் எடைபோட்டதில்லை.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணி, மாலை ஏழு மணி. மேலகரத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, கொட்டகைக்கு நடப்பேன். அவர் கையில் இருக்கிற ஆளை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துப் பலகையில் மல்லாந்து படுப்பார். நான் நின்றுகொண்டு குனிவேன். இப்படி இடம் மாறியதில் எங்கள் இருவருக்குமே கூச்சம். என் கைக்குப் பழக்கமில்லை. முதல் வாரத்தில் ஒரு சொட்டு அவர் மீசையில் விழுந்தது. ஒன்று காதுக்குள் போனது.

“சார்வாள், இது இன்ட்ரா எது?” என்று தென்காசிக்காரர் அங்கேயிருந்து கேட்டார். “காதுக்கு லத்தீன்ல என்ன?”

தெரியும். சொல்லவில்லை. “தெரியாது” என்றேன். அந்தச் சொல்லை எழுபது வயதுக்கு மேல் பழகினேன். முதலில் புதுப் பல்செட் மாதிரி வாயில் உட்காரவே இல்லை.

போகப்போகக் கை பழகியது. கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, குப்பியை நுனியில் பிடித்து, ஒரே சொட்டு. பிறகு கண்ணை மூடச்சொல்லி, மூக்கோரத்தை ஒரு நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குத் தண்டனை. அவர் கண்ணை மூடிக்கொண்டு என் விரலுக்குக் கீழே சும்மா படுத்திருப்பார். பேச்சு இருக்காது. அருவி இரைச்சல் மட்டும் கேட்கும். அவர் இப்போது அருவியில் குளிப்பதில்லை. வழுக்குப் பாறையில், கூட்டத்தில், பக்கத்திலிருந்து யார் இடிக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்க முடியாது. ஒரு சீசனில் லட்சம் பேர் எங்கிருந்தெல்லாமோ வந்து குளித்துவிட்டுப் போகிற தண்ணீரை, பக்கத்திலேயே பிறந்தவர் வாளியில் பிடித்து ஊற்றிக்கொள்கிறார். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் அந்த வாளியை நானே பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நிறுத்தச் சொன்னது நான், போன தடவை ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்ததும் நான். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க என்ன வேலை பார்த்தீங்க?”

“விலங்கியல் பேராசிரியர்.”

“கண்ணெல்லாம் நடத்தியிருப்பீங்களே.”

“ஆட்டுக் கண்ணு மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. ஏசுவார், ஏசினால் கொஞ்சம் இறங்கும் என்று நான் தயாராகப் போயிருந்தேன். அவர் சீட்டில் அழுத்தம் பதினாறு என்று எழுதி, அடியில் வழக்கமான அந்த வரியையும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டு என் கையில் கொடுத்தார். “படிங்க” என்றார். சத்தமாகப் படித்தேன். மருந்தைத் தொடரவும்.

எண்ணெய்க் கொட்டகையிலும் எல்லார் முன்னாலும் சொன்னேன். அதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. நான் செய்ததை அறிந்தபிறகு ஜனங்கள் என்னிடம் ரிப்போர்ட் கொண்டுவருவது நிற்கும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. “சார்வாள் உண்மையைச் சொல்லுத மனுசன்” என்று கூடுதலாக வருகிறார்கள். போன சீசனில் புளியறை செக்போஸ்ட் வழியாக வந்த ஒரு கேரளத்துக்காரர், முதல் பலகையில் படுத்துக்கொண்டு தன் முதுகெலும்பு ஸ்கேனை எடுத்து நீட்டினார். என் ஆள் அவரிடம் என்னைக் காட்டி, “இவருதான் என் ரெண்டு ஓரத்தையும் எடுத்தவரு” என்று அறிமுகம் செய்துவைத்தார். வருகிற எல்லோரிடமும் அப்படித்தான் செய்கிறார், கொஞ்சம் ரசித்தே செய்கிறார். எனக்கு அது வேண்டியதுதான். கேரளத்துக்காரர், “ஓ, சார் கண் டாக்டரா?” என்றார்.

நான் அந்த ரிப்போர்ட்டை வாங்கினேன். அதில் ஒரு இன்ட்ரா இருந்தது. கண்ணில் பட்டதும் நாக்கு நமநமத்தது. முன்னொட்டு எந்த வீடு என்று விலாசம் மட்டும்தான் சொல்லும், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னொருவர் கண் தேவைப்பட்டது. கடைசி வரிக்குப் போய், டாக்டரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்ததைப் படித்துக்காட்டித் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நாலு தடவை அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்துவிட்டார். கருப்பு அப்படியே இருக்கிறது. கூடவில்லை, குறையவும் இல்லை. நடுவில் இருக்கிற வெளிச்சம் அவரிடமே இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. மருந்து விட ஆரம்பித்த முதல் சனிக்கிழமை, வழக்கம்போல் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு அவர் பலகையில் படுக்கப்போனேன். “அங்கன படுங்க சார்வாள்” என்று அவர் தென்காசிக்காரருடைய பலகையைக் காட்டினார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன், நியாயமாகவும் பட்டது. அடுத்த வாரமும் அதையே சொன்னார். அடுத்த சீசனிலும் சொன்னார். சாயங்காலம் அவர் கண்ணில் சொட்டு விட்டு, மூக்கோரத்தை அழுத்திக்கொண்டிருந்தபோது, இன்னும் கோபமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். “கோவமெல்லாம் ஒண்ணுமில்லை. நான் கை வச்சா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்க சார்வாள். எனக்கு நீங்க பேசுததக் கேக்கப் பிடிக்கும். கேட்டா மறுபடியும் நம்பிருவேன்.”

நிமிஷம் முடிந்துவிட்டது. விரலை எடுத்தேன். அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்த ஆளின் முதுகில் கையை வைத்தார்.

எனக்கு இப்போது தென்காசிக்காரர்தான் தேய்க்கிறார். கையில் அழுத்தம் போதாது. வாய் மட்டும் ஓயாது. நான் குப்புறப் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.